சொட்டு ஷாரோன்

காஞ்சிபுரத்தில் இருந்த அந்த நர்சிங் ஹோமில் ஷாரோனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. சொட்டு ஷாரோன். வைத்தது வார்டு உதவியாளர் முனுசாமி. டிரிப் ஏறும் கட்டில் எதன் அருகே நின்றாலும், கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, விழுகிற சொட்டுகளை ஒரு முழு நிமிடம் எண்ணுவாள். மற்ற நர்சுகள் பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கிக்கொள்வார்கள். ஷாரோன் பெருக்கவே மாட்டாள்.

"இன்னா ஷாரோனு, எண்ணி முடிச்சிட்டியா? இல்ல, ஒண்ணு ரெண்டு கீழ வுழுந்துச்சின்னு தேடிக்கினு இருக்கியா?" என்று முனுசாமி வாளியைத் தூக்கிக்கொண்டே கேட்பார்.

"உனக்கு இன்னாண்ணா? உன் வாளிய நான் எண்றனா?"

வார்டே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் கண் மட்டும் சொட்டை விட்டு நகராது.

அது ஏன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. நாலு வருடத்துக்கு முன், வேறொரு ஆஸ்பத்திரியில், பிள்ளையார்பாளையத்திலிருந்து பூவராகவன் என்று ஒருவர் வந்தார். சாயப்பட்டறைத் தொழிலாளி. விரல் நகமெல்லாம் அரக்குச் சிவப்பு. வாந்தியும் பேதியுமாக வந்தவருக்கு ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. "டிரிப்ப ஃபுல் ஓப்பன் பண்ணும்மா" என்றார் அங்கிருந்த டாக்டர். ஷாரோன் டிரிப் குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சின்ன உருளையைக் கட்டைவிரலால் மேலே தள்ளினாள். தண்ணீர் சொட்டாக இல்லை, கம்பியாக இறங்கியது. ஒரு பாட்டில். இன்னொன்று. மூன்றாவது பாதி போகையில் அவர் எழுந்து உட்கார்ந்து, "சிஸ்டர், மூச்சு முட்டுதும்மா" என்றார். வாயோரத்தில் நுரை. அவருடைய இதயம் ஏற்கெனவே பலவீனமானது என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. உடம்பு கேட்டதற்குமேல் போன தண்ணீர் நுரையீரலில் போய் நின்றுவிட்டது. பொழுது விடியுமுன் அவர் போய்விட்டார்.

அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் சொன்னார், நர்ஸ் செய்தாள். ஆனால் உருளையைத் தள்ளிய கட்டைவிரல் அவளுடையது அல்லவா? வீட்டில் அப்பா யேசுதாஸிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. ஐயம்பேட்டைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். வெள்ளைச் சீருடையோடு மகள் ஆட்டோவின் முன்சீட்டில் ஏறி உட்காரும்போது, பின்னால் இருக்கிறவர்களுக்குக் கண்ணாடி வழியே முகத்தைக் காட்டி, "நம்ம பொண்ணுதாங்க, நர்சு" என்பார். அந்த மனிதரிடம் போய் எப்படிச் சொல்வது?

இந்திராம்மா வந்தது ஒரு செப்டம்பர் மாதம். வயது ஐம்பத்தேழு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நிலம் வைத்திருக்கும் ஜைனக் குடும்பம். கணவர் ஜினகுமார் வாயில் வார்த்தை வருவதே அபூர்வம். அதற்கும் சேர்த்து மகள் ஜனனி பேசுவாள். டெங்கு என்று ரத்தப் பரிசோதனை சொல்லியிருந்தது. கூடவே ஒரு பழைய தொல்லை: சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதயத்தின் ஒரு வால்வு சுருங்கியிருந்தது.

பெரிய டாக்டர் உமாபதி பார்த்துவிட்டு, "வால்வு இப்படி இருக்குது. டிரிப் வேணாம். வாய் வழியா நல்லா குடிக்கட்டும். ஒரு நாளைக்கி ரெண்டரை லிட்டர் போகணும், எழுதி வைங்க" என்றார்.

டிரிப் வேண்டாம் என்றதும் ஷாரோனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அவளே இதை நினைத்து நினைத்துக் கூசிப்போவாள்.

ஜனனி வீட்டிலேயே தண்ணீரைத் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில்களில் கொண்டுவந்து அம்மாவின் தலைமாட்டில் வைப்பாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது. மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பாட்டில் காலி.

"சிஸ்டர், ஒரு லிட்டர் முடிச்சிட்டாங்க. எழுதிக்குங்க."

ஷாரோன் எழுதிக்கொள்வாள். ஆயிரம். இன்னொரு ஆயிரம். கஞ்சி, இளநீர் என்று எண்ணூறு. இருபத்துநாலு மணி நேரத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு. அந்த எண்ணைப் பார்க்கவே நன்றாக இருந்தது. சொட்டைக்கூட நம்பாமல் எண்ணுகிறவள், இந்தத் தண்ணீரில் ஒரு வாய்கூட உள்ளே போனதைக் கண்ணால் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் முனுசாமி தாழ்வாரத்தில் கத்திக்கொண்டிருந்தார். "எவன்பா இந்தக் குரோட்டன்ஸ் தொட்டியில தண்ணிய கொட்டிக்கினே இருக்கறது? வேர் அழுகிப்போவும்! தரையெல்லாம் சேறு. நான் வழுக்கி வுழுந்தா எனக்கும் ஒரு கட்டில் போடுவீங்களா?"

ஷாரோன் இந்திராம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூறு, எழுபது.

மறுபடி பார்த்தாள். அதேதான். இந்திராம்மாவின் கை குளிர்ந்திருந்தது. காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஜனனி சந்தோஷப்பட்டிருந்தாள். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்று ஷாரோனுக்குத் தெரியும். நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் சிவக்க மறந்தது போல அப்படியே இருந்து, மெல்லத் திரும்பியது. மூச்சு வேறு லேசாக வாங்கியது.

"இன்னா பண்ணுதும்மா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டரம்மா. கண்ணு மட்டும் இருட்டிக்கினு வருது."

ஷாரோன் ஓடினாள். டியூட்டி டாக்டர் திரிஷா வந்து ஒரு பார்வை பார்த்ததும் உமாபதிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. பின்னால் வண்டிகளின் ஹாரன்.

"சார்ட்ல எவ்ளோ உள்ள போயிருக்குது?"

"ரெண்டாயிரத்தி எண்ணூறு சார்."

"யூரின்?"

"முன்னூறுதான் சார்."

"அப்போ மீதி எங்க போச்சு? வால்வு சின்னது, மூச்சு வாங்குது. தண்ணி நெஞ்சுல தேங்குது. நீர் பிரியற ஊசி போடுங்க. நான் வந்துக்கினே இருக்கேன்."

ஷாரோன் மருந்தை ஊசியில் இழுத்தாள். பூவராகவனின் வாயோரத்து நுரை அவள் கண்முன் வந்து நின்றது. சீக்கிரம் போடு, சீக்கிரம் போடு என்று உள்ளே ஒரு குரல். தேங்கின தண்ணீரை வெளியே எடுத்துவிடு. இன்னொரு தடவை அதைப் பார்க்க முடியாது.

திரிஷா மட்டும் நகரவில்லை. அவளுக்கு வயது இருபத்தெட்டுதான். நெற்றி வியர்த்திருந்தது. "சார், ரெண்டே நிமிஷம். மேல தொண்ணூறு, கீழ எழுபது. ரெண்டும் ரொம்பக் கிட்ட வந்துடுச்சு, உள்ள தண்ணி வத்தினாலும் இப்படி ஆகும். எனக்கு உறுத்துது. இதயத்துக்குப் போற பெரிய ரத்தக்குழாய ஒரு தடவ ஸ்கேன்ல பாத்துட்டுப் போடறேனே."

"பாரு. ஆனா லேட் பண்ணிடாத" என்றார் உமாபதி.

ஸ்கேன் மெஷின் ஐ.சி.யூ. அறையில் இருந்தது. அதை அந்த அறையைவிட்டு வெளியே கொண்டுவரக் கூடாது என்பது விதி. அதனால் கட்டிலைத் தள்ளினார்கள். முனுசாமி ஒரு பக்கம், ஜினகுமார் ஒரு பக்கம். ஷாரோன் ஒரு கையில் ஊசியையும் மறு கையில் இந்திராம்மாவின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாடி நூல் போல ஓடியது. சில சமயம் அந்த நூலும் கைக்குக் கிடைக்கவில்லை. தாழ்வாரத்துச் சேற்றில் அவள் செருப்பு ஒருமுறை வழுக்கியது.

திரிஷா ஜெல்லைத் தடவி, நெஞ்செலும்புக்குக் கீழே வயிற்றில் கருவியை வைத்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் கல்லீரல். அதற்குப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதி ரத்தம் முழுவதும் இதயத்துக்குத் திரும்பிப்போகிற பெரிய குழாய் கறுப்பாகத் தெரிய வேண்டும். விரல் தடிமனுக்கு இருக்க வேண்டிய அது, பென்சில் கோடு போல இருந்தது. இந்திராம்மா மூச்சை இழுக்கும்போது அந்தக் கோடும் காணாமல் போனது. மூச்சு விட்டால் வந்தது. இழுத்தால் இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டன.

"அம்மா, மெதுவா மூச்சு விடுங்க. வேகமா இழுத்தாலும் இப்படிக் காட்டும்" என்றாள் திரிஷா. இந்திராம்மா மெதுவாக விட்டார். அப்போதும் ஒட்டியது.

திரிஷா கருவியை நெஞ்சின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தாள். "லங்ஸ் ஈரமா இல்ல. வலது பக்கம் அடியில மட்டும் கொஞ்சம் தண்ணி. அது டெங்குல ரத்தக்குழாய்லருந்து கசியறது. மூச்சு வாங்கறது அதனாலதான்." அவள் ஷாரோன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். "அத கீழ வைங்க சிஸ்டர். உள்ள தண்ணியே இல்ல. அதப் போட்டிருந்தா இருக்கறதும் போயிருக்கும்."

ஷாரோன் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"ஆனா சார்ட்ல ரெண்டாயிரத்தி எண்ணூறு இருக்குதே டாக்டர்" என்றாள்.

"அதான் எனக்கும் புரியல. இவ்ளோ குடிச்சிருந்தா, கசிஞ்சது போனாலும் இந்த அளவுக்கு வத்தாதே."

"இன்னா டாக்டர் சொல்றீங்க? நானேதான் பாட்டில் வெச்சேன், எல்லாம் காலி பண்ணாங்க!" என்றாள் ஜனனி.

அப்போது கட்டிலின் கால்மாட்டிலிருந்து ஜினகுமாரின் குரல் வந்தது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிணத்துல தண்ணி இல்லாதப்ப மோட்டார் போட்டா, இழுக்கற ஹோஸ் இப்படித்தாம்மா ஒட்டிக்கும்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவ தண்ணியே குடிக்கலம்மா" என்றார்.

ஷாரோனுக்குத் தன் செருப்பு வழுக்கிய இடம் ஞாபகம் வந்தது. குரோட்டன்ஸ் தொட்டி. வழிந்த சேறு.

பத்து நாள் நோன்பு. வருடாவருடம் ஆவணி முடிந்து வரும் நோன்பு. இந்திராம்மா கல்யாணம் ஆனதிலிருந்து, முப்பத்தொரு வருடமாக விட்டதில்லை. அந்தப் பத்து நாளும் பகலில் ஒரே ஒரு வேளைதான் சாப்பாடு, அப்போதுதான் தண்ணீரும். பொழுது சாய்ந்தபின் ஒரு சொட்டு கிடையாது. காய்ச்சல் வந்தபோது நாலாம் நாள் தொடங்கியிருந்தது, இன்று எட்டாம் நாள். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்று கோயிலில் சொல்லியிருப்பார்கள்தான். இந்திராம்மா யாரையும் கேட்கவில்லை. மகளிடம் சொன்னால் வாயில் ஊற்றிவிடுவாள். காய்ச்சி வடிகட்டிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை. செடிக்காவது போகட்டும் என்று தொட்டியில் ஊற்றியிருக்கிறார். ஊற்றும்போது கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஜினகுமார்.

"அப்பா!" ஜனனி கத்திவிட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சிக்கினே... செடிக்கு ஊத்தறதுக்கா நான் காய்ச்சிக் காய்ச்சிக் கொண்டாந்தேன்?"

"சொல்லாதன்னு கேட்டுக்கினா. ரெண்டு நாள்தான் பாக்கின்னா." அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஷாரோன் இந்திராம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, இப்போ கை வழியா தண்ணி ஏத்தணும். சம்மதமா?"

இந்திராம்மா கண் திறந்தார். "வாய்ல ஊத்தாதீங்க. கையில போறதுக்கு நோன்பு இல்ல. போடும்மா." பிறகு, "செடி செத்துட்டுதா?" என்று கேட்டார்.

"அது நல்லா குளிச்சிக்கினு இருக்குது" என்றார் முனுசாமி வாசலிலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

திரிஷா போனில் உமாபதியிடம் எல்லாம் சொன்னாள். ஆய்வகத்திலிருந்து தாளும் வந்தது. ரத்தம் நேற்றைவிடக் கெட்டிப்பட்டிருந்தது. எல்லாம் ஒரே திசையைக் காட்டியது. "சரி, ஏத்துங்க" என்றார் உமாபதி. "ஆனா வால்வ மறந்துடாதீங்க. கொஞ்சங்கொஞ்சமா. ஒவ்வொரு தடவையும் பாத்துட்டு."

"இருநூத்தம்பது மில்லி. இருபது நிமிஷத்துல போகணும்" என்றாள் திரிஷா. "ஓப்பன் பண்ணுங்க சிஸ்டர்."

ஷாரோன் உருளையில் கட்டைவிரலை வைத்தாள். விரல் நகரவில்லை.

நாலு வருடமாக அவள் எந்த டிரிப்பையும் முழுதாகத் திறந்ததில்லை. யாராவது சொன்னால், வேறொரு நர்சைக் கூப்பிட்டுவிட்டு மாத்திரை எடுக்கப் போய்விடுவாள். இன்று அறையில் வேறு நர்ஸ் இல்லை. கண்ணை மூடினால் அரக்குச் சிவப்பு நகங்கள் தெரிந்தன. திறந்தால் வெளுத்த நகங்கள்.

"சிஸ்டர்?"

"பயமாக்கீது டாக்டர்." சொல்லியேவிட்டாள். நாலு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு மனிதரிடம்.

திரிஷா அவளைப் பார்த்தாள். "எனக்கும்தான். அதனாலதான் பாத்துப் பாத்து ஏத்தப்போறோம். நீங்க திறங்க, நான் திரையவே பாக்கறேன். ரொம்பிச்சின்னா சொல்றேன். சொன்ன உடனே மூடிடுங்க."

பூவராகவன் கட்டிலருகே அப்படிப் பார்க்க ஒரு கண் இருந்ததா? இல்லை. அங்கே எல்லோரும் குருட்டாம்போக்கில் ஊற்றினார்கள். ஷாரோன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உருளையை மேலே தள்ளினாள்.

தண்ணீர் கம்பியாக இறங்கியது.

அந்த இருபது நிமிடமும் அவள் சொட்டை எண்ணவில்லை. எண்ண முடியாத வேகம். இந்திராம்மாவின் உதட்டையே பார்த்தாள். நுரை வருகிறதா? மூச்சு கூடுகிறதா? ஒருமுறை இந்திராம்மா இருமினார். ஷாரோனின் கை தானாக உருளைக்குப் போய்விட்டது. வெறும் இருமல்தான்.

முதல் சுற்று முடிந்தது. திரிஷா மறுபடி கருவியை வைத்தாள். கோடு கொஞ்சம் அகலமாகியிருந்தது, ஆனாலும் மூச்சுக்கு மூச்சு ஒட்டியது. நெஞ்சில் ஈரமில்லை. அழுத்தம் தொண்ணூற்றாறு, எழுபது. "இன்னொரு இருநூத்தம்பது."

ஷாரோன் திறந்தாள். ஜனனி சுவரோரம் உட்கார்ந்து, காலி எவர்சில்வர் பாட்டிலை மடியில் வைத்துத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள். ஜினகுமார் திரைக்கு எதிரே நின்றார், வயலில் மடை திறந்துவிட்டு வாய்க்காலைப் பார்த்து நிற்கிறவர் மாதிரி. பக்கத்துத் தெருவில் ஒரு தறி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் சுற்று முடிந்தது. திரையில் இப்போது விரல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் குழாய். இந்திராம்மா மூச்சை இழுத்தார். குழாய் லேசாகச் சிறுத்தது. ஒட்டவில்லை.

"நூத்திப்பத்து, எழுபது" என்றாள் ஷாரோன்.

"ஹோஸ் ரொம்பிடிச்சி" என்றார் ஜினகுமார், யாரும் கேட்காமலே.

"இன்னும் ஒண்ணு ஏத்திடுங்க டாக்டர்! முழுசா தெம்பாகட்டும்" என்று ஜனனி எழுந்து வந்தாள்.

"போதும். இதுக்கு மேல வேகமா போச்சின்னா வால்வு தாங்காது. இப்போ கசியற அளவுக்கு மட்டும்தான். மணிக்கு எழுபது மில்லி. ஒரு மணி நேரம் கழிச்சித் திரும்பப் பாக்கணும்."

ஷாரோன் உருளையைக் கீழே இறக்கினாள். கம்பி அறுந்து சொட்டாகியது. கடிகாரத்தைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ணினாள். முனுசாமி வாளியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துச் சேற்றைக் கழுவப் போனார்.

அப்புறம் வெளியே போய், நர்சுகள் மேசையில் சார்ட்டை எடுத்தாள். இரண்டாயிரத்து எண்ணூறு. அவள் கையெழுத்து. ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'நோயாளி குடிக்கவில்லை. ஊகம் 400. நான் நேரில் பார்க்காமல் எழுதியது.' கீழே பெயர், நேரம். எழுதி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை போகலாம். போகட்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி ஆட்டோ கண்ணாடியில் தெரிகிற அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது.

உமாபதி வந்தார். சார்ட்டைப் படித்தார். அடித்த கோட்டின்மேல் விரலை வைத்தார். "இத நம்பித்தான் நானும் ஊசி போடச் சொன்னேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவளிடம், "இனிமே குடிக்கறத நின்னு பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

மறுநாளும் ஆபத்து முழுசாக விலகவில்லை. டெங்குவில் கசிவு நிற்க இன்னும் ஒரு நாள் ஆகும். மூன்று தடவை ஸ்கேன் வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஷாரோன் திரையைத் திருட்டுத்தனமாகத்தான் பார்த்தாள், பரீட்சை முடிவைப் பார்க்கிற மாதிரி. மாலை ஐந்தரைக்கு டிரிப்பைக் குறைத்தார்கள். இனி வாய் வழியாகக் குடித்தாக வேண்டும்.

ஜனனி டம்ளரோடு நின்றாள். இந்திராம்மா உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

ஷாரோன் டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னல் திரையை முழுவதும் விலக்கினாள். வெயில் கட்டில்மேல் விழுந்தது. "அம்மா, இன்னிக்கு ஆறு பத்துக்குத்தான் சூரியன் இறங்குது. நான் பாத்துட்டுத்தான் வந்தேன். நாப்பது நிமிஷம் இருக்குது. வெளிச்சம் இருக்கறவரைக்கும் குடிங்க. இருட்டினப்புறம் கையில போறது பாத்துக்கும்."

இந்திராம்மா ஜன்னலைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இந்தத் தடவை தலையை ஆட்டினார்.

"ஒரு வேளைங்கறத அடுத்த வருஷம் சேத்து இருந்துக்கறேன்" என்றார் இந்திராம்மா. "பொழுது சாஞ்சா மட்டும் கேக்காதீங்க."

"கேக்க மாட்டேம்மா."

அவர் டம்ளரை வாயில் வைத்தார். தொண்டை ஏறி இறங்கியது. ஷாரோன் கட்டிலை ஒட்டி நின்று, அந்தத் தொண்டையை விட்டுக் கண்ணெடுக்காமல், ஒவ்வொரு மிடறாக எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. பதினேழாவது மிடறில் டம்ளர் காலியானது. அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் சார்ட்டில் எழுதினாள்.